பக்கத்து வீட்டுக் கடன்

வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பிகளில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். மற்றவையெல்லாம் 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கல்முனைக்குடியில் கடற்கரைக்குக் கூப்பிடு தொலைவில் இருந்த எங்கள் வீட்டோடு கடலுக்குள் போய்விட்டன. இந்த ஒன்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, ஏதோ ஒரு பழைய கொடுக்கல் வாங்கலைச் சரிபார்ப்பதற்காகச் சம்மாந்துறைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, காக்காவின் அலுமாரிக்கு அடியிலேயே மறந்து விடப்பட்டது. காக்கா சம்மாந்துறையில் கலியாணம் முடித்து, எங்கள் பகுதி வழக்கப்படி பெண்வீட்டோடு போனவர். கடல் அங்கே எட்டவில்லை. கொப்பி தப்பியது.

சென்ற பாடசாலை விடுமுறையில் காக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தக் கொப்பியைப் புரட்டிக் கொண்டிருந்தேன். 1965 என்று மேலட்டையில் வாப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் காக்காவின் பேத்தி, தரம் மூன்றில் படிப்பவள், கழித்தல் கணக்கோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள். 503இலிருந்து 267ஐக் கழிக்க வேண்டும். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்திருந்தது. அவளுக்கு உதவ வந்த காக்கா ஒரு முறையைச் சொன்னார். அவளுடைய உம்மா "அது பழைய முறை வாப்பா, அப்படிச் செய்தா புள்ளி குறைப்பாங்க" என்று வேறொரு முறையைச் சொன்னாள். பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு என்னிடம் திரும்பி, "அப்பா, கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கத்தானே வேணும்? ஏன் உம்மா குடுக்காம விடுறா?" என்று கேட்டது. (எங்கள் ஊர்களில் அப்பா என்றால் பாட்டனார். தந்தையை வாப்பா என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் குழம்ப வேண்டாம்.)

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேள்வி கேட்டுப் பழகியவன் நான். இவ்வளவு நேரான கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது அபூர்வம். அன்றிரவு முதல் கழித்தல் கணக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். 503இலிருந்து 267. ஒன்றினிடத்தில் 3இலிருந்து 7ஐ எடுக்க முடியாது. அந்த மருமகள் சொன்ன, இன்று பெரும்பாலான பாடசாலைகளில் கற்பிக்கப்படும் முறை இது: பக்கத்து வீட்டில், அதாவது பத்தினிடத்தில், கடன் வாங்கு. அங்கே பூச்சியம். அவரிடமும் இல்லை. ஆகவே அதற்கும் அப்பால் நூறினிடத்துக்குப் போ. 5ஐ வெட்டி 4 ஆக்கு, பூச்சியம் 10 ஆகும், அதிலிருந்து ஒன்று எடுத்தால் 9, ஒன்றினிடத்தில் 13. பதின்மூன்றில் ஏழு போக ஆறு, ஒன்பதில் ஆறு போக மூன்று, நான்கில் இரண்டு போக இரண்டு. விடை 236. மேலே உள்ள எண்ணை உடைத்து வேறு விதமாக அடுக்குவதே இதன் உட்பொருள். 5 நூறும் 3 ஒன்றும் என்று இருந்ததை 4 நூறும் 9 பத்தும் 13 ஒன்றும் என்று மாற்றுகிறோம். மொத்தம் மாறவில்லை.

காக்கா சொன்னது வேறு. மேலே 3ஐ 13 ஆக்கு. ஏழு போக ஆறு. வாங்கிய ஒன்றைக் கீழே உள்ள 6க்குத் திருப்பிக் கொடு. அது 7 ஆகும். மேலே பூச்சியத்தைப் பத்தாக்கு. ஏழு போக மூன்று. மறுபடி கீழே 2க்கு ஒன்று கொடு, அது 3. ஐந்தில் மூன்று போக இரண்டு. அதே 236. இங்கே மேல் எண்ணில் ஒன்றையும் வெட்டவில்லை. மேலே பத்து கூட்டும்போது கீழேயும் பத்து கூட்டுகிறோம். இரண்டிலும் ஒரே தொகையைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. காக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு வயது என்றால் வித்தியாசம் ஐந்து. பத்து வருடம் கழித்து ஒருவருக்கு இருபத்திரண்டு, மற்றவருக்குப் பதினேழு. அப்போதும் ஐந்துதான். இதைச் சம கூட்டல் முறை எனலாம். காக்காவுக்கு இந்த விளக்கம் எதுவும் தெரியாது. "வாங்கு, கொடு" என்று மட்டுமே தெரியும். வாப்பாவும் அவ்வளவுதான் சொல்லித் தந்தார்.

மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. அதைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் கல்முனைப் பகுதியில் இருப்பதாக நான் அறியேன். ஆனால் கல்முனைச் சந்தையில் அது நாள்தோறும் நடக்கிறது. 367 ரூபாவுக்குச் சாமான் வாங்கிவிட்டு ஆயிரம் ரூபாத் தாளை நீட்டுங்கள். கடைக்காரர் கழிக்க மாட்டார். மூன்று ரூபாவை வைத்து "முந்நூற்றெழுபது" என்பார். முப்பதை வைத்து "நானூறு". அறுநூறை வைத்து "ஆயிரம்". உங்கள் கையில் 633 ரூபா இருக்கும். கழித்தலைக் கூட்டலாகவே செய்து முடிக்கும் இந்த வழியை எழுத்துக் கணக்காக மாற்றி ஐரோப்பாவில் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனபோது அதற்கு 'ஒஸ்திரிய முறை' என்று பெயர் வந்தது. எங்கள் சந்தைக்காரர்களுக்கு ஒஸ்திரியா எந்தத் திசை என்பதே தெரியாது.

எனக்கும் இந்த முறைகளுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1970களின் நடுப்பகுதி. மூன்றாம் வகுப்பு. பாடசாலையில் மேல் எண்ணை வெட்டி எழுதும் முறையைப் படிப்பித்தார்கள். வீட்டில் வாப்பா, கடையைப் பூட்டிவிட்டு வந்து, அரிக்கேன் விளக்கடியில் தம் முறையைப் படிப்பித்தார். நான் வாப்பாவின் முறையில் செய்துகொண்டு போனேன். விடை சரி. ஆனால் கீழ் எண்ணின் காலடியில் நான் வைத்திருந்த சின்னப் புள்ளிகளைக் கண்டதும், "இது என்ன கடைக்காரன் வேலை?" என்று கேட்டு உள்ளங்கையில் இரண்டு பிரம்படி போட்டார் அந்த ஆசிரியர். நல்ல மனிதர்தான், அக்காலத்தில் பிரம்பும் வெண்கட்டியும் ஒன்றாகவே வகுப்புக்குள் வரும். வலியைவிட, வாப்பா பிழையாகச் சொல்லித் தந்துவிட்டாரே என்ற வெட்கம்தான் அன்று பெரிதாக இருந்தது. அதன் பிறகு கணக்கில் எந்தச் சந்தேகத்தையும் வாப்பாவிடம் நான் கேட்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்துக்குப் போனதற்கு இதுவே காரணம் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் கணக்கை விட்டு ஓடத் தொடங்கியது அந்த வகுப்பறையிலிருந்துதான்.

நிற்க. இந்த முறைகள் எங்கிருந்து வந்தன?

இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் வழியை அறபு மொழியில் எழுதிப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி. அவருடைய அந்த நூலின் அறபு மூலம் இன்று இல்லை. இலத்தீன் வடிவங்களே எஞ்சியுள்ளன. கழித்தலை அவர் நம்மைப் போல வலப்பக்கத்திலிருந்து தொடங்கவில்லை; பெரிய இடத்திலிருந்து, அதாவது இடப்பக்கத்திலிருந்து, தொடங்கினார். ஓரிடத்தில் போதாமல் போனால் அடுத்த உயர் இடத்தில் ஒன்றை எடுத்துப் பத்தாக்கிக் கொள்ளச் சொன்னார். ஏறத்தாழ அந்த மருமகள் செய்ததுதான். இது எப்படி வசதியாக இருந்தது என்றால், அன்று கணக்குப் போட்டது புழுதி பரப்பிய பலகையில். விரலால் ஓர் எண்ணை அழித்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை எழுதலாம். வெட்டுத் தழும்பு எதுவும் மிஞ்சாது. 5ஐ அழித்து 4 என்று எழுதினால் அங்கே 5 இருந்ததற்கே அடையாளம் இல்லை.

ஹிஜ்ரி 341இல், அதாவது கி.பி. 952-53இல், திமிஷ்கு நகரில் அல்-உக்லிதிஸி என்பவர் ஒரு கணித நூல் எழுதினார். புழுதிப் பலகையை விட்டுவிட்டு மையும் தாளும் கொண்டு கணக்குப் போட வேண்டும் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. அவர் சொன்ன காரணங்களில் எனக்குப் பிடித்தது இது: தெருவோரத்தில் சோதிடம் பார்த்துப் பிழைப்பவர்களின் கையில் இருக்கும் பலகையோடு கண்ணியமானவர் ஒருவர் காணப்படுவது அழகல்ல. (கணித வரலாற்றில் இப்படியும் ஒரு கௌரவப் பிரச்சினை இருந்திருக்கிறது.) ஆனால் தாளுக்கு மாறினால் அழிக்க முடியாது. ஆகவே அழிக்காமலே செய்யக்கூடிய விதமாகக் கணக்கு முறைகளை அவர் திருத்தி அமைத்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு பொறி தட்டியது. வாப்பாவின் கொப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீல மை. மேல் எண்ணில் எங்கேயும் ஒரு வெட்டு இல்லை. கீழ் எண்ணின் காலடியில் மட்டும் கடுகளவு புள்ளிகள். கடன் கொப்பியில் தொகையை வெட்டி எழுதினால் என்ன நடக்கும்? 5ஐ வெட்டி 4 என்று மாற்றி, பூச்சியத்தை 9 ஆக்கியிருக்கும் பக்கத்தைக் கடன்காரரிடம் காட்ட முடியுமா? கடை வாசலில் சண்டை வந்துவிடும். வியாபாரியின் கொப்பி ஓர் ஆவணம். கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓதப்பள்ளியிலேயே கேட்டு வளர்கிறார்கள். எழுதிய தொகையில் கைவைக்காமல் கழிப்பதற்குச் சம கூட்டல்தான் பொருத்தம். பீசா நகரத்து பிபொனாச்சி 1202இல் எழுதிய நூலிலும் இந்த 'வாங்கித் திருப்பிக் கொடுக்கும்' வழியே வருகிறது. அவரும் வியாபாரிகளுக்காக எழுதியவர்; வட ஆபிரிக்காவில் அறபு வியாபாரிகள் மத்தியில் கணக்குக் கற்றவர். வாப்பாவின் முறையைக் 'கடைக்காரன் வேலை' என்று என் ஆசிரியர் சொன்னது வரலாற்று ரீதியில் முற்றிலும் சரி! அதற்குப் பிரம்படி தேவையா என்பது வேறு விடயம்.

இன்னொரு வசதியும் அதில் இருந்தது. 1872 முதல் இலங்கையில் ரூபாவும் சதமும் பத்தடிமானத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்தியா 1957 வரையும் பிரித்தானியா 1971 வரையும் அணாவோடும் ஷில்லிங்கோடும் அல்லாடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் இது சின்னப் பெருமை அல்ல. ஆனால் நிறுத்தல் அளவை அப்படி இல்லை. 112 இறாத்தல் ஓர் அந்தர். 3 அந்தர் 20 இறாத்தலிலிருந்து 1 அந்தர் 45 இறாத்தலைக் கழிக்க வேண்டுமானால், வாப்பா மேலே 112ஐக் கூட்டி 132 ஆக்குவார். 45 போக 87. கீழே அந்தரில் ஒரு புள்ளி, இரண்டாகும், மூன்றில் இரண்டு போக ஒன்று. 1 அந்தர் 87 இறாத்தல். கொப்பி முழுக்க இப்படிக் கணக்குகள். ஒன்றிலும் தடுமாற்றம் தெரியவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

பழைய தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் என்ன செய்தார்கள் என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். அங்கே எண்சுவடியை மனனம் செய்வதே முதன்மை. கணக்கு நினைவில் நடந்தது. இடம்பார்த்து அடுக்கி எழுதுவதில் அல்ல. இது பற்றி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருடைய ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது. என் கவனத்தை ஈர்த்தது பழைய தமிழ் எண்குறிகள். 503ஐ அவர்கள் ௫௱௩ என்று எழுதினார்கள். ஐந்து, நூறு, மூன்று. பூச்சியமே இல்லை. 267 என்றால் ௨௱௬௰௭. காக்காவின் பேத்தியைத் தாள் கிழியும்வரை அழிக்க வைத்த அந்தப் பூச்சியம் பழைய தமிழ்க் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் தலைகாட்டவே இல்லை! அதற்காக அந்த எழுத்துமுறைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இடப்பெறுமானம் தந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இந்தப் பூச்சியத் தொல்லை என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அடுக்கி எழுதும் கணக்கு, பாடநூலோடும் சிலேட்டோடும், மிஷன் பாடசாலைகள் வழியாகவும் பின்னர் அரசாங்கப் பாடசாலைகள் வழியாகவும் கிழக்குக் கரைக்கு வந்தது. வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் பாடசாலை தொடங்கிய ஆண்டு 1814. பிரித்தானியப் பாடசாலைகளில் நீண்ட காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது சம கூட்டல். அந்தப் பேரரசுக்கு வேண்டியிருந்தவர்கள் வேகமாகவும் பிழையின்றியும் கணக்கெழுதும் எழுதுவினைஞர்கள். விளக்கம் கேட்பவர்கள் அல்லர்.

எந்த முறை சிறந்தது என்பதை அளந்து பார்க்கும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. 1914ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் பாடசாலைப் பரிசோதகராக இருந்த பி. பி. பலார்ட் பெருந்தொகையான பிள்ளைகளுக்குச் சோதனை வைத்தார். சம கூட்டல் கற்றவர்களே வேகத்திலும் திருத்தத்திலும் முந்தினார்கள். 1920இல் டபிள்யூ. எச். விஞ்ச் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம் சாய்ந்தது. விடயம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. 1949இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வில்லியம் பிரவுணெலும் ஹரோல்ட் மோசரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் பாதித்தது இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,400 பேரை நான்கு வகையாகப் பிரித்தார்கள். சிலருக்கு உடைத்து அடுக்கும் முறை, சிலருக்குச் சம கூட்டல். ஒவ்வொன்றிலும் பாதிப் பேருக்கு ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற விளக்கத்தோடு. மீதிப் பேருக்கு 'இப்படிச் செய்' என்று மட்டும். அதாவது முந்தியவர்கள் எந்த முறை என்று மட்டுமே கேட்டார்கள். பிரவுணெல் எப்படிக் கற்பித்த முறை என்றும் சேர்த்துக் கேட்டார். முடிவு சுவையானது. விளக்கமின்றி இயந்திரம்போல் கற்பித்தபோது சம கூட்டல் குறைந்து போகவில்லை. ஆனால் விளக்கத்தோடு கற்பித்தபோது உடைத்து அடுக்கும் முறை தெளிவாக முந்தியது. பழக்கமில்லாத புதிய கணக்குகளைச் சமாளிப்பதிலும் அந்தப் பிள்ளைகளே தேறினார்கள். காரணம் எளிது. ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்குவதைக் குச்சிக் கட்டை அவிழ்த்து ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம். இரண்டு எண்களிலும் ஒரே தொகையைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதை அந்த வயதில் விளங்க வைப்பது கடினம்.

அமெரிக்கப் பாடசாலைகள் உடைத்து அடுக்கும் முறைக்கு முழுமையாக மாறுவதற்குப் பிரவுணெலின் ஆய்வுகள் பெரும் காரணம் என்பர். மேல் எண்ணை வெட்டி மேலே சிறிதாக எழுதிக்கொள்ளும் பழக்கத்துக்கு மரியாதை வந்ததும் அவராலேதான். அதற்கு முன்னர் அது சோம்பேறிகளின் ஊன்றுகோல் என்று கண்டிக்கப்பட்டது. பிரித்தானியாவும் சில பத்தாண்டுகள் தாழ்த்தி அதே பக்கம் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். எனக்குப் பிரம்படி விழுந்தது அந்த நகர்வின் இடைநடுவில் என்று இப்போது விளங்குகிறது.

முறை மாறும்போது வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பாட்டே இருக்கிறது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியரும் நகைச்சுவைப் பாடகருமான டொம் லெஹ்ரர் 1965இல் புதிய கணிதத்தைக் கேலி செய்து பாடினார். பாட்டு முழுவதும் 342இலிருந்து 173ஐக் கழிக்கும் ஒரே கணக்குத்தான். பிள்ளையின் வீட்டுப்பாடம் பெற்றோருக்கு விளங்காமல் போன கதை. சபையோர் விழுந்து விழுந்து சிரிக்கும் ஒலி பதிவில் கேட்கிறது. வாப்பா இந்தக் கொப்பியை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டு. என்னால் அவர்களோடு சேர்ந்து முழுமனதாகச் சிரிக்க முடியவில்லை.

பிள்ளைகள் விடும் பிழைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இருவர் 1978இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிகரகுவா நாட்டு மாணவர் ஏறக்குறைய 1,300 பேரின் விடைகளைக் கணினியில் இட்டுப் பார்த்தபோது, பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருவனவல்ல என்று தெரிந்தது. பிள்ளை ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. 503இலிருந்து 267ஐக் கழித்து 364 என்று எழுதும் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 336 என்று எழுதும் பிள்ளை பூச்சியத்தை 9 ஆக்கிவிட்டு 5ஐக் குறைக்க மறந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. சிவப்பு மையால் ஒரே மாதிரிக் குறுக்குக்கோடு போட்டுவிட்டுப் போகும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. எந்த முறையில் செய்தது என்றாவது பார்த்தால்தானே தெரியும்!

இனி, பேத்தி கேட்ட கேள்வி. அவளுடைய உம்மா செய்த முறையில் கடன் என்று எதுவுமே இல்லை. ஒரே ஆள் தன் மடியில் இருக்கும் நூறு ரூபாத் தாளைப் பத்துப் பத்தாக மாற்றிக்கொள்கிறார். அவ்வளவுதான். மாற்றிய காசை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கடன் என்ற பேச்சு காக்காவின் முறைக்கு உரியது. அங்கே மட்டுந்தான் வாங்குதலும் கொடுத்தலும் உண்டு. முறை மாறியபோது சொல் மாறவில்லை. பழைய முறையின் சொல்லைப் புதிய முறையின் மேல் ஒட்டிவிட்டோம். கடன்பட்டு மரணிப்பவரின் நிலை பற்றி ஓதப்பள்ளியில் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காத கணக்கைக் கண்டு குழம்பினால் அது பிள்ளையின் குற்றமா?

இந்தச் சொல்லின் தீங்கை லிப்பிங் மா என்ற சீனப் பெண்மணி 1999இல் வெளிவந்த தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே காட்டியிருக்கிறார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் சந்தித்து, கழித்தலை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர் பலர் பக்கத்து வீட்டில் கடன் வாங்கும் கதையையே சொன்னார்கள். சீனர் பலர் உயர்ந்த அலகு ஒன்றை உடைப்பது என்றார்கள். கடன் கதையில் பத்தும் ஒன்றும் இரண்டு வேறு ஆட்கள். உடைத்தலில் அவை ஒரே எண்ணின் இரு பகுதிகள். வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அதில்தான் எல்லாமே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு 'இனமாற்றம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கருத்தளவில் நல்ல சொல். ஆனால் இலங்கையில் அதை உரத்துச் சொல்ல நா எழவில்லை. 'இனம்' என்ற சொல் எங்கள் நாட்டில் பட்ட பாடு அப்படி. நான் 'மாற்றுதல்' என்பேன். கடையில் "நூறு ரூபா மாத்தித் தாங்க" என்று கேட்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

சந்தைக் கணக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பிரேசில் நாட்டு ரெசிபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1985இல் வந்தது. வாடிக்கையாளர்போல் வந்து கேட்டபோது அவர்கள் 98.2 வீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியாக வந்தவை 36.8 வீதம். ஐந்தே பிள்ளைகள் என்பதால் அந்த வீதங்களைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஆயினும் சந்தை நாட்களில் கல்முனையில் தந்தையின் கடையில் நிற்கும் சிறுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதினமாக இராது.

என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். விளக்கிக் காட்டலாம் என்பதால் உடைத்து அடுக்கும் முறையையே முதலில் கற்பிக்க வேண்டும். இதில் எனக்கு இப்போது ஐயமில்லை. வாப்பாவின் பக்கம் பேசத்தான் ஆசைப்பட்டுப் படிக்கத் தொடங்கினேன், பிரவுணெல் என்னைத் தோற்கடித்துவிட்டார். ஆனால் வேறு முறையில் சரியான விடை கண்ட பிள்ளைக்குப் புள்ளி குறைப்பதை என்னால் ஏற்க முடியாது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி 1999 முதல் நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டாலும் செயற்பாட்டாலும் கற்றலை வலியுறுத்தியது. நல்ல நோக்கம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழும்போது அந்த நோக்கம் ரியூசன் கொட்டிலின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய், தனக்குத் தெரிந்த முறை பிழையென்று பிள்ளை வாயாலேயே கேட்டு, கொப்பியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். மறுநாள் ரியூசனுக்குக் காசு தேட வேண்டும். எங்கள் ஊர்களில் இதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

அன்று பேத்திக்கு இரண்டு முறைகளையும் காட்டினேன். நூறு ரூபாத் தாள் ஐந்து, ஒரு ரூபாக் குற்றி மூன்று. தாளை மாற்றச் சொன்னேன். அவளே மாற்றினாள், அவளே எடுத்தாள், 236 மிஞ்சியது. பிறகு வாப்பாவின் கொப்பியைக் கொடுத்து, காலடியில் இருக்கும் புள்ளிகளின் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது புதையல் வரைபடம்போல் ஆகிவிட்டது. பக்கம் பக்கமாக ஒவ்வொரு கணக்கையும் தன் முறையில் செய்து, பூட்டனாரின் விடையோடு ஒப்பிட்டுக்கொண்டே போனாள். நானும் காக்காவும் தேநீர் குடித்துக்கொண்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

"அப்பா, இங்க புள்ளி இல்ல."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மருதமுனையைச் சேர்ந்த ஒரு நெசவாளியின் கணக்கு. கடன் 82 ரூபா. கட்டியது 35. மிச்சம் 57 என்று வாப்பா எழுதியிருந்தார். பன்னிரண்டில் ஐந்து போக ஏழு. சரி. அடுத்து மூன்றுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து நான்காக்கியிருக்க வேண்டும். வைக்கவில்லை. எட்டில் மூன்று போக ஐந்து என்று போய்விட்டார். மிச்சம் இருந்திருக்க வேண்டியது 47. கொப்பி முழுவதிலும் நாங்கள் கண்ட ஒரே பிழை. அதற்கு நான்கு வரிகள் கீழே, இரண்டு தவணையில் 57 ரூபாவும் தீர்ந்ததாக வாப்பாவின் கையெழுத்து.

பத்து ரூபா. 1965இல் அது ஒரு தறிக்காரரின் எத்தனை நாள் கூலி என்று காக்கா மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பெயரை இரண்டு தடவை வாசித்தார். "ஆள் மவுத்தாகி எவ்வளவோ காலம். மகன் ஒருவர் இருக்கார், நான் வீடு தெரியும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மருதமுனைக்குப் போனோம். கொப்பியையும் கொண்டுபோனோம், பேத்தியும் வந்தாள், கணக்கை விளக்குவதற்கு.